ஊர்ந்து போகும் காரை ஓடவைத்துப் படம் பிடிக்க: உட்வர்ட் சாலையில் பேனிங்

முதல் முறை உட்வர்ட் ட்ரீம் குரூஸுக்கு, அதாவது அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட் தோறும் நடக்கும் பழைய கார் உலாவுக்கு, போனபோது நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் ஒரு கார்கூட ஓடவில்லை. 1957 பெல் ஏர், முதல் தலைமுறை மஸ்டாங், மீன்துடுப்பு வைத்த கடிலாக், எல்லாவற்றையும் யாரோ நடுச்சாலையில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனது போல இருந்தது. ஷட்டர், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/1000 நொடி. சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். மனைவி பார்த்துவிட்டு, "இதுக்கு ஷோரூமுக்கே போயிருக்கலாமே" என்றாள்.

பேனிங் தெரியாமல் இல்லை. கார் போகும் திசையிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு, ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக வைத்து எடுக்க வேண்டும். கார் தெளிவாக விழும், பின்னணி கோடுகோடாக இழுபடும். ரேஸ் மைதானத்தில் இதை ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறேன். அங்கே கார் 200 கி.மீ. வேகத்தில் பாயும், 1/250 நொடியிலேயே பின்னணி கரைந்துவிடும். குரூஸ் அப்படியில்லை, அது உலா. கார்கள் அன்னநடை போடும். அதற்கேற்ப ஷட்டரை இறக்கினால் நம் கை நடுக்கம் படத்தில் ஏறிவிடும். வேகமான காரைவிட மெதுவான கார்தான் கஷ்டம் என்று உறைக்க எனக்கு இரண்டு ஆகஸ்ட் மாதங்கள் ஆயின.

சாலையைப் பற்றி முதலில்

உட்வர்ட் அவென்யூ டெட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையில் தொடங்கி வடமேற்காக பான்டியாக் நகர் வரை போகிறது. 1909இல் 6 மைல் சாலைக்கும் 7 மைல் சாலைக்கும் இடையே ஒரு மைல் தூரத்துக்கு இதில் கான்கிரீட் போட்டார்கள். அமெரிக்க நெடுஞ்சாலை வரலாற்றில் பேசப்படும் மைல் அது. 1950களிலும் 60களிலும் இளவட்டங்கள் வார இறுதி இரவுகளில் டிரைவ்-இன் உணவகங்களுக்கு இடையே இங்கேதான் காரைக் காட்டிக்கொண்டு சுற்றினார்கள். 1995இல் ஃபெர்ண்டேல் ஊரில் சிறுவர்களுக்கான கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட, அந்தப் பழைய உலாவை ஒரு நாள் மீண்டும் நடத்தினார்கள். அதுவே ட்ரீம் குரூஸ் ஆனது. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரை சுமார் 16 மைல்.

பேனிங்குக்கு அந்தச் சனிக்கிழமை லாயக்கில்லை. பம்பரோடு பம்பர் ஒட்டி கார்கள் நகரும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றின் மூக்கு உள்ளே வந்துவிடும். சனிக்கிழமை வேடிக்கை பார்க்கவும் ஆட்களைப் படம் எடுக்கவும் போங்கள். முந்தைய வியாழன், வெள்ளி மாலைகளில் அதே கார்கள்தான் சுற்றும். ஆனால் இடைவெளி விட்டு, மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வேகத்தில் வரும்.

ஒரு சின்னப் பெருக்கல்

"பேனிங்குக்கு 1/30 வை" என்று யார் சொன்னாலும், "எந்த வேகத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பழைய அமெரிக்கக் காரின் டயர் ஏறக்குறைய 70 செ.மீ. விட்டம். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்து சுற்று. 1/1000 நொடியில் அந்தச் சக்கரம் இரண்டு பாகைகூடத் திரும்பாது. நான் எடுத்த நானூறும் ஏன் நின்றன என்பதற்கு இதுதான் பதில். 1/60 நொடியில் 30 பாகை திரும்பும், கடிகார முகத்தில் ஒரு மணி நேர இடைவெளி அளவு. சக்கரம் சுழல்கிறது என்று கண் நம்புவதற்கு எனக்கு இது போதுகிறது.

இதிலிருந்து ஒரு சுலபக் கணக்கு கிடைக்கிறது. காரின் வேகத்தை கி.மீ. கணக்கில் எடுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். 40 என்றால் 1/60. 20 என்றால் 1/30. 60 என்றால் 1/90. பழகும்போது இதைவிட இரண்டு மடங்கு வேகமாக வைத்துத் தொடங்கலாம், அதாவது 40 கி.மீ. காருக்கு 1/125. கை பழகிய பின் பாதிக்கு இறக்கி 1/30இல் எடுத்துப் பாருங்கள். இருபதில் பத்தொன்பது கெடும். இருபதாவது படத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

சக்கரச் சுழற்சி காரின் வேகத்தைப் பொறுத்தது. பின்னணியின் இழுப்பு உங்கள் இடுப்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு. நிற்கும் பொருள்கள் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ஒரே அளவுதான் இழுபடும், ஏனென்றால் கேமரா நின்ற இடத்திலேயே திரும்புகிறது. எனவே அதிக இழுப்பு வேண்டுமானால் காருக்கு நெருங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கும். 10 மீட்டர் தூரத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகும் காரைத் தொடர நொடிக்கு 64 பாகை திரும்புவீர்கள். 20 மீட்டரில் அதில் பாதி.

அப்படியானால் ஓரத்திலேயே போய் நின்றுவிடலாமே? அதில்தான் சிக்கல்.

கடிலாக்கின் வால் ஏன் கலங்குகிறது

1959 கடிலாக் 5.7 மீட்டர் நீளம். அதன் நடுப்பகுதி உங்களுக்கு நேர் எதிரே இருக்கும்போது, மூக்கும் வாலும் சற்று தள்ளி, சாய்கோணத்தில் இருக்கும். கேமரா நடுப்பகுதியின் வேகத்துக்குத் திரும்பினால் இரண்டு முனைகளும் அதோடு ஒத்துப்போகாது. 6 மீட்டர் தூரத்தில் நின்றால் இந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கதவுக் கைப்பிடி தெளிவாக இருக்கும், அந்தப் புகழ்பெற்ற துடுப்பு கலங்கிப் போகும். 15 மீட்டரில் வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் வந்துவிடும். 20 மீட்டரில் 2 சதவீதம்தான்.

ஆகவே நீளமான காருக்கு 15 முதல் 20 மீட்டர். மஸ்டாங் போல நாலரை மீட்டர்க் காருக்கு 12 மீட்டர் போதும். இந்தத் தூரங்களுக்குப் பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 70 முதல் 100 மி.மீ. லென்ஸ் சரியாக இருக்கும். சிறிய சென்சார் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸின் 55 முனையே இந்த வேலையைச் செய்துவிடும். இதற்காகப் புதிய லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. நெருங்கி நின்று மூக்கை மட்டும் தெளிவாக வைத்து மற்றதையெல்லாம் கரையவிடுவதும் ஒரு அழகுதான். ஆனால் அது நீங்களே நினைத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

எங்கே நிற்பது

இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நடைபாதையில் நின்று பார்த்தால் பக்கத்துத் தடத்துக் கார் இடமிருந்து வலமாகப் போகும். ஓட்டுநர் மறுபக்கம் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் சாலையோரம் நின்று பழகியவருக்கு எல்லாம் வலமிருந்து இடம். அந்தப் பழக்கத்தோடு வந்தால் முதல் ஒரு மணி நேரம் இடுப்பு தடுமாறும். எனக்குத் தடுமாறியது.

உட்வர்டின் நடுவே அகலமான புல்திட்டு உண்டு. அங்கிருந்து எடுத்தால் ஓட்டுநர் நம் பக்கம் இருப்பார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஜன்னலில் சாய்த்த முழங்கையும் படத்துக்குள் வரும். திட்டில் நிற்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறுபடலாம். அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். எங்கே நின்றாலும் கல்விளிம்பைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள். கண் வியூஃபைண்டருக்குள் இருக்கும்போது பக்கத்துத் தடத்தில் வருகிற வண்டி தெரியவே தெரியாது.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சாலை வடமேற்காகச் சாய்ந்திருப்பதால், காலையில் தெற்கு நோக்கி வரும் கார்களின் முகத்தில் வெயில் விழும். மாலையில் வடக்கு நோக்கிப் போகிறவற்றின் முகத்தில் விழும். கிரில்லும் பம்பரும் மின்ன வேண்டுமென்றால் காலையில் தெற்கே வருபவை, மாலையில் வடக்கே போகிறவை. ஆகஸ்ட் நடுவில் இங்கே இரவு 8.25 வாக்கில்தான் சூரியன் மறையும். ஆறரைக்கு மேல் வெளிச்சம் பொன்னாகும். மிச்சிகனில் பதிவு எண் பலகை பின்னால் மட்டும்தான் என்பது நமக்கு ஒரு வரப்பிரசாதம். குரோம் பம்பர் முன்பக்கம் சுத்தமாக இருக்கும்.

சிக்னலுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். அங்கே கார் ஒன்று வேகம் கூட்டும் அல்லது குறைக்கும். பழைய கார்களின் ஸ்பிரிங் மெத்தை போல. கிளம்பும்போது மூக்கு தூக்கும், பிரேக் போட்டால் குனியும். நாம் பக்கவாட்டில் சரியாகத் திரும்பினாலும் இந்த மேல்கீழ் ஆட்டம் படத்தைக் கெடுக்கும். சாலையில் கான்கிரீட் இணைப்பும் ஒட்டுப்போட்ட குழியும் இருக்கும் இடங்களும் அப்படித்தான். இங்கே குளிர்காலம் முடிந்தால் குழிக்குப் பஞ்சமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தச் சாலையில் பல சந்திப்புகளில் நேராக இடப்பக்கம் திரும்ப முடியாது. தாண்டிப் போய், நடுத்திட்டில் உள்ள வெட்டில் யூ-டர்ன் அடித்து வர வேண்டும். மிச்சிகன் லெஃப்ட் என்பார்கள். அந்த வெட்டுக்கு முன்னால் இடப்பக்கத் தடத்துக் கார்கள் திடீரென்று மெதுவாகும். இரண்டு வெட்டுகளுக்கு நடுவில், கார் சீராக ஓடும் நூறு மீட்டரைத் தேடிப் பிடியுங்கள்.

பின்னணிக்கு இருண்ட மரங்களும் அங்கங்கே வண்ணமும் இருந்தால் போதும். வழியில் உள்ள பர்மிங்காம் ஊரைத் தாண்டி வடக்கே மரங்கள் கூடும். 10 மைல் சாலைப் பக்கம் டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலையின் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் தெரியும். ஆனால் பேனிங்கில் அது வெறும் தீற்றலாகிவிடும், அதை நம்பிப் போக வேண்டாம். வெள்ளைக் கூடாரங்களைத் தவிருங்கள், வெயிலில் அவை எரிந்துபோன பட்டையாக விழும். மடக்கு நாற்காலியில் கலர் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் அருமையான பின்னணி. சாலை வேலைக்கு வைத்த ஆரஞ்சு பீப்பாய்களைத் திட்டாத மிச்சிகன்வாசி கிடையாது. பேனிங்கில் மட்டும் அவை அழகான ஆரஞ்சு கோடுகள்.

கேமராவில் என்னென்ன வைப்பது

ஷட்டர் நேரத்தை நாமே வைக்கும் ஷட்டர் முன்னுரிமை மோடு, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, மேலே சொன்ன பெருக்கல்படி ஷட்டர். நல்ல வெயிலில் இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். வெயிலுக்கான பழைய விதிப்படி ஐஎஸ்ஓ 100இல் 1/100 நொடிக்கு எஃப்/16 வேண்டும் (இது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும்). 1/30க்கு இறங்கினால் ஏறக்குறைய எஃப்/29. பெரும்பாலான லென்ஸ்கள் எஃப்/22இலேயே நின்றுவிடும். அங்கே கூர்மையும் குறையும், சென்சாரில் உள்ள ஒவ்வொரு தூசியும் புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 என்ற கறுப்பு ஃபில்டர் போட்டால் அதே 1/30க்கு எஃப்/10 போதும். என் பையில் எப்போதும் இருப்பது போலரைசர். ஒன்றரை ஸ்டாப் போல வெளிச்சத்தைக் குறைப்பதோடு, முன்கண்ணாடியிலும் பெயிண்டிலும் அடிக்கும் வானத்தின் பளபளப்பையும் வாங்கிக்கொள்ளும். குரோம் மின்னலை அது பெரிதாகத் தொடாது, அதுவும் நமக்கு நல்லதே.

ஃபோகஸ், காரை விடாமல் பின்தொடரும் தொடர் மோடில், ஒரே புள்ளி. வாகனத்தைத் தானே அடையாளம் காணும் வசதி இருந்தாலும், கூட்டத்தில் அது தாவிவிடுகிறது. நான் புள்ளியை முன்கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே வைப்பேன். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு குரோம் கோடோ எழுத்தோ இருக்கும், ஃபோகஸ் பிடிக்க வசதி. கேமரா பழையதாக இருந்தால் கார் வரும் தடத்தில் சாலை மேல் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எஃப்/10இல் அதுவே தாராளம்.

லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் பேனிங் மோடுக்கு மாற்றுங்கள். கேனன், சோனி லென்ஸ்கள் பலவற்றில் அது மோடு 2. சாதாரண மோடில் விட்டால் நாம் திருப்புவதையே நடுக்கம் என்று நினைத்து எதிர்த்து இழுக்கும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகப் படிப்பதால், கேமரா திரும்பும்போது பின்னணியில் உள்ள மனிதர்களும் கம்பங்களும் சாய்ந்துவிடும். இது புதிய குறையல்ல. ழாக் ஆன்ரி லார்ட்டீக் என்ற பிரெஞ்சு இளைஞர் முதல் உலகப் போருக்கு முன் எடுத்த ஒரு பந்தயக் கார் படத்தில், சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அவருடைய ஷட்டரின் பிளவு மெதுவாக நகர்ந்ததால் வந்தது அது. அவருக்கு அது புகழ் தந்தது. நமக்கு 1959 கடிலாக்குக்குப் பின்னால் சாய்ந்த விளக்குக்கம்பம்தான் கிடைக்கும்.

உடம்பு

இதை மெதுவாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

படம் எடுக்கப் போகும் புள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு மரம் அல்லது கடைப் பலகையை அடையாளம் வையுங்கள். பாதங்கள் இரண்டும் அந்தப் புள்ளியைப் பார்க்கட்டும், தோள் அகலத்துக்கு விரித்து. இப்போது இடுப்புக்கு மேலே மட்டும் கார் வரும் பக்கம் முறுக்கித் திரும்புங்கள். கார் நெருங்க நெருங்க அந்த முறுக்கு தானாகப் பிரிய வேண்டும். புள்ளிக்கு வரும்போது உடம்பு மிக இயல்பான நிலையில் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஷட்டர். பாதங்களைக் கார் வரும் திசைக்கு வைத்து நிற்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. எடுக்கும் நேரத்தில் உடம்பு முறுகி, கைகள் நடுங்கும்.

முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். இடக்கை லென்ஸின் அடியில். கேமராவைக் கையால் திருப்பாதீர்கள், இடுப்பு திருப்பட்டும். ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கை குழவியைப் பிடித்திருக்கும், சுழற்றுவது உடம்பு முழுவதும். அதே சீர்தான் இங்கேயும்.

காரை 40, 50 மீட்டர் தூரத்திலேயே பிடித்துவிடுங்கள். பாதி அழுத்தி ஃபோகஸ் தொடரட்டும். ஃபோகஸ் புள்ளி கதவின் மேல் ஒட்டியதுபோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடையாள மரத்துக்குச் சற்று முன்னால் அழுத்தி நான்கைந்து படம் ஓடவிடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் தேறும். விரலை எடுத்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். கவண் வீசுகிறவன் கல் போன பிறகும் கையைச் சுழற்றியே முடிப்பான். "எடுத்தாயிற்று" என்று மனசு நினைத்தால் இடுப்பு ஒரு கணம் முன்னதாகவே நின்றுவிடும். கடைசிப் படங்கள் கெடுவது அதனால்தான்.

மேல்கீழ் ஆட்டம் தீரவே இல்லையென்றால் ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையில் டிரைபாட் விரிக்க வேண்டாம், கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

குரூஸுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் வீட்டுத் தெருவில் போகும் பஸ்ஸையும் சைக்கிளையும் வைத்துத் தினமும் பதினைந்து நிமிடம் பழகுங்கள். சைக்கிள் நல்ல வாத்தியார். அது 15 கி.மீ. வேகத்தில் போகும், 1/30க்குக் கை வந்துவிட்டால் காரெல்லாம் சுலபமாகத் தோன்றும்.

பழைய காருக்கே உரிய இரண்டு சங்கதிகள்

1950களின் கார்களில் வெள்ளைப் பட்டை டயரும் வழவழப்பான வட்டச் சக்கர மூடியும் இருக்கும். வட்டமான பொருள் எவ்வளவு சுழன்றாலும் பார்க்க ஒரே மாதிரிதான். நீங்கள் 1/15இல் எடுத்தாலும் அந்த வெள்ளை வளையம் கூர்மையாகவே நிற்கும், சக்கரம் நின்றுவிட்டதோ என்று தோன்றும். அந்தக் கார்களுக்குச் சக்கரத்தை நம்பாமல், பின்னணியை நம்புங்கள். முனைகள் கலங்காத தூரம் வரை நெருங்கி நின்று நன்றாக இழுபடவிடுங்கள். ஐந்து ஆரச் சக்கரம் போட்ட 60களின் கார், கம்பிச் சக்கரம் போட்ட கார் என்றால் 1/60கூடப் போதும். பக்கவாட்டில் வெள்ளை எழுத்து போட்ட டயர்கள் இன்னும் வேடிக்கை: எழுத்துகள் கரைந்து மங்கலான ஒரு வளையமாகிவிடும், அதைப் பார்த்தே சுழற்சி தெரியும்.

இரண்டாவது, இந்தக் கார்கள் ரேஸ் ஓடவில்லை. 1957 பெல் ஏரை 1/8இல் எடுத்து ஜெட் விமானம் போலக் காட்டலாம். பார்க்கப் பொய்யாக இருக்கும். ஓட்டுகிறவர் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு யாருக்கோ கையசைத்துக்கொண்டிருப்பார். பின்னணியில் மனிதர்களை மனிதர்கள் என்று அடையாளம் காண முடிகிற அளவுக்கு மட்டும் இழுத்தால் போதும் என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்வதில்லை.

இருட்டிய பிறகும் போனிலும்

விளக்கு எரியத் தொடங்கியதும் 1/30, ஐஎஸ்ஓ 800 போல வைத்துப் பாருங்கள். கடைப் பலகைகள் வண்ணக் கோடுகளாகும், குரோமில் அவை பிரதிபலிக்கும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஓட்டுகிறவரின் கண்ணில் அடிக்கும். கூட்டத்தில் சிலர் டயரைத் தேய்த்துப் புகை விடச் சொல்லிக் கத்துவார்கள். சேர்ந்து கத்தாதீர்கள். போலீஸ் அபராதம் போடும், கார் கையைவிட்டுப் போனால் முதலில் அடிபடுவது ஓரத்தில் நிற்கும் நாம்தான்.

போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/60க்கு இறக்கலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) நிலையானது என்பதால் பகலில் படம் வெளுத்துவிடும். கிளிப் மாட்டும் என்டி ஃபில்டர் வேண்டும், அல்லது மாலை வரை காத்திருக்க வேண்டும். பிக்சல் 6இலிருந்து கூகுள் போன்களில் ஆக்‌ஷன் பேன் என்று ஒன்று வந்தது. பின்னணி இழுப்பைக் கணக்குப் போட்டே உண்டாக்கும். சின்னத் திரையில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. காரின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாயம் வெளுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: முன்பக்கத்துச் சின்னம் அல்லது கதவுக் கைப்பிடி. அது தெளிவாக இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். கோணலை நிமிர்த்துவது, தூசிப் புள்ளி அழிப்பது, கார் போகும் திசையில் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுவது, இவ்வளவுதான் என் திருத்தம். எனக்கு 1/60இல் பத்துக்கு இரண்டு தேறும், 1/30இல் இருபதுக்கு ஒன்று. போன வருடம் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த அறுநூறில், தெளிவானவற்றையும் வடித்த பிறகு, பதினேழு மிஞ்சியது. அதில் ஒரு கறுப்பு கடிலாக், துடுப்பு வரை தெளிவு. மனைவியிடம் காட்டினேன். காரைப் பார்க்கவில்லை. பின்னால் மடக்கு நாற்காலியில் கரைந்து கிடந்த மஞ்சள் கோட்டைச் சுட்டி, "இது நான்தானே?" என்றாள்.